கொள்ளைக் குறை... புல்லை நிறை! - குதிரையின் வயிறு கேட்கும் தீவனம்

'கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா வாயை மூடும்' என்று ஒரு பழமொழி உண்டு. வேலைக்குச் சுணங்கி, சாப்பாட்டுக்கு மட்டும் முன்னால் வந்து நிற்பவர்களைக் கிண்டல் செய்யச் சொல்வது. குதிரை என்றதும் கொள்ளு நினைவுக்கு வரும் அளவுக்கு இரண்டும் நம் பேச்சில் ஒட்டிக்கொண்டுவிட்டன. ஆங்கிலத்திலும் கொள்ளுக்கு 'ஹார்ஸ் கிராம்' என்றுதான் பெயர்.

ஆனால், குதிரையின் வயிற்றைக் கேட்டால் அது வேறு பதில் சொல்லும். 'எனக்கு முதலில் புல் கொடுங்கள். அப்புறம் தேவைப்பட்டால் கொள்ளு.'

மெரினாவில் குழந்தைகளைச் சுமந்து நடக்கும் குதிரைகள், ஊட்டியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் மட்டக் குதிரைகள், மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு வரும் வெள்ளைக் குதிரைகள், ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்கு வரும் விலையுயர்ந்த குதிரைகள் என்று தமிழ்நாட்டில் இன்றும் குதிரையை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தக் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பயம் உண்டு. ராத்திரி வரை நன்றாக இருந்த குதிரை, விடியற்காலையில் வயிற்றுவலியால் தரையில் புரள்வது. 'கோலிக்' எனப்படும் இந்த வயிற்றுவலி, உலகெங்கும் குதிரைகளின் உயிரைப் பறிக்கும் முக்கியமான காரணங்களில் ஒன்று. அதில் பெரும் பகுதி, தீவனத் தொட்டியில் நடக்கும் தவறுகளால் வருவது.

மாடு வேறு... குதிரை வேறு!

மாடும் புல் தின்கிறது, குதிரையும் புல் தின்கிறது. ஆனால் இரண்டின் வயிறும் வேறு. மாட்டுக்கு நான்கு அறை கொண்ட இரைப்பை. அவசரமாக மேய்ந்துவிட்டு, நிழலில் படுத்து அசைபோடும். குதிரை அசைபோடாது. அதற்கு நம்மைப் போல ஒரே ஓர் இரைப்பைதான். அதுவும் உடல் அளவுக்குச் சற்றும் பொருந்தாத சிறிய பை. 400, 500 கிலோ எடையுள்ள குதிரையின் இரைப்பையில் 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும்.

புல்லைச் செரிக்கும் பெரிய வேலை நடப்பது குடலின் பின்பகுதியில். அங்கே 'குருட்டுக்குடல்' என்ற பெரிய பை ஒன்று இருக்கிறது. சுமார் ஒரு மீட்டர் நீளம், 30 லிட்டர் கொள்ளளவு. அதையடுத்து இன்னும் பெரிதான பெருங்குடல். இந்த இரண்டிலும் கோடானுகோடி நுண்ணுயிரிகள் குடியிருக்கின்றன. புல்லின் நாரை நொதிக்கவைத்து, குதிரைக்குத் தேவையான சக்தியாக மாற்றிக் கொடுப்பவை அவைதான். இட்லி மாவு புளிப்பதைப் போல, ஆனால் நாள் முழுக்க நிற்காமல் நடக்கும் வேலை அது.

இந்த அமைப்புக்கு ஏற்றபடிதான் குதிரையின் இயல்பும் இருக்கிறது. திறந்தவெளியில் விட்டால், ஒரு நாளில் 14 முதல் 18 மணி நேரம் வரை மேய்ந்துகொண்டே இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக, நடந்துகொண்டே, நாள் முழுக்கச் சாப்பாடு. காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை என்பது மனிதர்கள் தங்கள் வசதிக்காக வகுத்த கணக்கு.

வெறும் வயிற்றில் அமிலம்

மனிதர்களுக்குச் சாப்பாட்டைப் பார்த்தாலே நாக்கில் எச்சில் ஊறும். குதிரைக்கு மென்றால்தான் உமிழ்நீர் சுரக்கும். ஆனால் இரைப்பையில் அமிலமோ, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் 24 மணி நேரமும் சுரந்துகொண்டே இருக்கும். அந்த அமிலத்தைத் தணிப்பது உமிழ்நீர்தான்.

ஒரு கிலோ காய்ந்த புல்லைத் தின்னக் குதிரைக்கு ஏறத்தாழ 40 நிமிடம் ஆகும். 3,000 முறைக்கு மேல் மெல்லும். அதே ஒரு கிலோ தானியத்தைப் பத்தே நிமிடத்தில் முடித்துவிடும். மெல்லுவதும் ஆயிரம் முறை அளவுக்குத்தான். எடை ஒன்றுதான், ஆனால் சுரக்கும் உமிழ்நீரில் எவ்வளவு வித்தியாசம்!

புல் இல்லாமல் ஆறு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைக்கப்படும் குதிரைக்கு, அமிலம் இரைப்பையின் சுவரையே அரிக்கத் தொடங்குகிறது. அதுதான் அல்சர். தானியம் அதிகமாகவும் புல் குறைவாகவும் தின்னும் பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் புண் இருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. தீவனத்தைப் பாதியில் விடுவது, சேணத்தின் வாரை இறுக்கும்போது கடிக்க வருவது, காரணமில்லாமல் முரண்டு பிடிப்பது, மரக்கட்டையைக் கடித்துக்கொண்டே நிற்பது... இவற்றை 'கெட்ட குணம்' என்று சாட்டையால் திருத்தப் பார்ப்பவர்கள் உண்டு. பல நேரங்களில் அது வயிற்றெரிச்சலாக இருக்கும்.

கொள்ளு அதிகமானால் என்ன ஆகும்?

கொள்ளு கெட்டதல்ல. அதில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் புரதம் இருக்கிறது. ஊறவைத்து வேகவைத்துக் கொடுக்கும் நம் முன்னோரின் பழக்கமும் சரியானதே. பச்சைக் கொள்ளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. வேகவைக்கும்போது அவை பெருமளவு செயலிழக்கின்றன.

சிக்கல் அளவில்தான் வருகிறது. கொள்ளிலும் மற்ற தானியங்களிலும் மாவுச்சத்து அதிகம். அது சிறுகுடலிலேயே செரித்துவிட வேண்டும். ஒரே வேளையில் அளவுக்கு மேல் கொடுத்தால், செரிக்காத மாவுச்சத்து வழிந்து பின்குடலுக்குப் போய்விடும். அங்கே நார் தின்னும் நல்ல நுண்ணுயிரிகள் ஒடுங்கி, மாவுச்சத்து தின்னும் நுண்ணுயிரிகள் பெருகும். லாக்டிக் அமிலம் கூடும், வாயு உப்பும், நச்சுப்பொருள்கள் ரத்தத்தில் கலக்கும்.

அதன் விளைவு வயிற்றோடு நிற்பதில்லை. சில குதிரைகளுக்கு அது குளம்பில் போய்த் தெரியும். குளம்பையும் உள்ளிருக்கும் எலும்பையும் பிணைக்கும் மெல்லிய திசு வீங்கித் தளர்ந்துபோகும். 'லேமினைட்டிஸ்' என்பது இதுதான். முன்னங்கால்களைத் தரையில் ஊன்ற முடியாமல், உடல் பாரத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டு குதிரை நிற்கும். முற்றிவிட்டால் அந்தக் குதிரை மறுபடி ஓடாது.

இன்னொரு விஷயம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் இருக்கும் தசை அவ்வளவு இறுக்கமானது. உள்ளே போன தப்பான தீவனம் வாய் வழியாகத் திரும்பி வர வழியே இல்லை. அளவு மீறினால் இரைப்பையே கிழிந்துபோகும் ஆபத்து உண்டு.

நெய்யும் பாலும் தின்ற பாண்டியக் குதிரைகள்

குதிரைக்குத் தப்பான தீவனம் கொடுத்த கதை நம் மண்ணில் 700 ஆண்டுகள் பழையது. 13-ம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே நடந்த குதிரை வாணிபத்தைப் பார்த்து வியந்திருக்கிறார். அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்திறங்கின. மன்னர் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் பொன் கொடுத்து வாங்கினாலும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று அவர் எழுதியிருக்கிறார். குதிரைகளைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாததே காரணம் என்பது அவர் கருத்து. சோற்றோடு வேகவைத்த இறைச்சி கொடுத்ததாகவும் அவர் குறிப்பிடுகிறார்.

அடுத்த சில ஆண்டுகளில் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃபும் இதையே வேறு விதமாகச் சொல்கிறார். வறுத்த பார்லியும், நெய் சேர்த்த தானியமும் தீவனமாம். குடிக்கக் காய்ச்சிய பசும்பாலாம்!

அயல்நாட்டுப் பயணிகளின் குறிப்புகளில் மிகைப்படுத்தல் இருக்கலாம். ஆனால் அவர்கள் சொல்லும் தீவனப் பட்டியல், ஒரு குதிரையின் குடலைக் கெடுக்கப் போதுமானது. கொடுத்தவர்கள் குதிரையை வெறுத்தவர்கள் அல்லர். விலை மதிப்பில்லாத விலங்குக்கு வீட்டில் உள்ளதிலேயே சிறந்ததைக் கொடுத்திருக்கிறார்கள். இன்றும் பாசத்தோடு வெல்லம், பிஸ்கட், ரொட்டி, சோறு என்று நீட்டும் கைகளில் அந்த மரபு தொடர்கிறது.

எவ்வளவு புல் வேண்டும்?

கணக்கு எளிது. ஈரப்பதம் நீங்கலாக, உடல் எடையில் நூற்றுக்கு 1.5 முதல் 2 பங்கு அளவுக்குப் புல் தினமும் தேவை. 1.5 பங்குக்குக் கீழே போகக் கூடாது.

300 கிலோ எடையுள்ள ஒரு சவாரிக் குதிரையை எடுத்துக்கொள்வோம். அதற்கு நாளொன்றுக்கு 6 கிலோ உலர் எடை வேண்டும். நன்கு காய்ந்த புல்லாகக் கொடுத்தால் ஏறக்குறைய 7 கிலோ. பசும்புல்லாக என்றால், அதில் பெரும் பகுதி தண்ணீர்தான் என்பதால் 25 முதல் 30 கிலோ வரை ஆகும். 'நாலு கட்டுப் புல் போட்டேனே' என்பவர்கள் அந்தக் கட்டின் எடையை ஒருமுறை தராசில் வைத்துப் பார்ப்பது நல்லது.

அதே குதிரைக்குக் கொள்ளோ வேறு தானியமோ கொடுப்பதானால், ஊறவைப்பதற்கு முந்தைய எடையில் ஒரு வேளைக்கு அரைக் கிலோவைத் தாண்டாமல் இருப்பது பாதுகாப்பு. அதிக வேலை செய்யும் குதிரைக்குக் கூடுதலாகத் தேவைப்பட்டால், வேளையைக் கூட்டலாமே தவிர, ஒரு வேளையின் அளவைக் கூட்டக் கூடாது. முதலில் புல், அது கொஞ்சம் தின்ற பிறகு தானியம் என்ற வரிசையும் முக்கியம். லேசான வேலை மட்டும் செய்யும் குதிரைக்கு, நல்ல புல்லும் உப்பும் தாது உப்புக் கலவையும் கிடைத்தால் தானியமே தேவைப்படாமல் போகலாம்.

எல்லாப் புல்லும் ஒன்றல்ல!

தமிழில் ஒரு தீவனப் பயிரின் பெயரிலேயே குதிரை இருக்கிறது. 'குதிரைமசால்' என்று நம் விவசாயிகள் அழைக்கும் அந்தப் பயிர்தான், உலகம் முழுக்கக் குதிரை வளர்ப்பவர்கள் விரும்பும் 'லூசர்ன்'. புரதமும் கால்சியமும் நிறைந்தது. தண்ணீர் வசதியுள்ள நிலத்தில் ஒருமுறை விதைத்தால் மூன்று, நான்கு ஆண்டுகள் அறுக்கலாம். ஆனால் அதையே முழுத் தீவனமாகக் கொடுக்கக் கூடாது. மொத்தப் புல்லில் நான்கில் ஒரு பங்கு என்ற அளவே போதும்.

மீதிக்கு எது? நம் வயல் வரப்புகளில் தானாக வளரும் அருகம்புல் குதிரைக்கு மிக ஏற்றது. பிள்ளையாருக்குப் படைக்கும் அதே புல்லைத்தான், அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 'பெர்முடா' என்ற பெயரில் ஏக்கர் கணக்கில் வளர்த்து, காயவைத்துக் குதிரைகளுக்குப் போடுகிறார்கள்.

மாட்டுக்கு நல்லதெல்லாம் குதிரைக்கும் நல்லது என்று நினைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. பால் பண்ணைகளுக்கு வரமாக வந்த கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லிலும், கொங்கு நாட்டுக் கொறங்காடுகளின் கொழுக்கட்டைப்புல்லிலும் ஆக்ஸலேட் என்ற பொருள் அதிகம். மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிரிகள் அதைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால், தீவனத்தில் கால்சியம் இருந்தும் உடலில் சேராது.

இதோடு கோதுமைத் தவிடும் சேர்ந்தால் நிலைமை மோசமாகும். தவிட்டில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் ஏறத்தாழ பத்து மடங்கு. குதிரைக்குத் தேவையோ, பாஸ்பரஸைவிடக் கால்சியம் கூடுதலாக இருப்பது. மாதக்கணக்கில் இப்படியே போனால், உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தைக் கரைத்து எடுக்கும். முகத்து எலும்புகள் மென்மையாகி வீங்கும், பல் ஆடும், இன்று ஒரு கால் நாளை ஒரு கால் என்று நொண்டும். 'பெரிய தலை நோய்' என்றே இதற்குப் பெயர். நேப்பியர் புல்லைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலையில், அதோடு குதிரைமசாலைக் கலந்து, தவிட்டைக் குறைத்து, கால்சியம் உள்ள தாது உப்புக் கலவையை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுப்பது அவசியம்.

இவை வேண்டவே வேண்டாம்!

* பூஞ்சை பிடித்த புல்: மழையில் நனைந்து கறுத்த கட்டை 'காய்ந்தால் சரியாகிவிடும்' என்று போடக் கூடாது. மூச்சுத்திணறலும் வயிற்றுவலியும் வரும். பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் மூளையையே தாக்கும்.

* சவுண்டல் எனப்படும் சூபாபுல்: ஆடு, மாட்டுக்கு நல்ல தழை. குதிரைக்குத் தொடர்ந்து கொடுத்தால் அதில் உள்ள மிமோசின் என்ற பொருளால் பிடரிமயிரும் வால்மயிரும் கொட்டிவிடும்.

* மாட்டுத் தீவன மூட்டை: சில கலப்புத் தீவனங்களில் மொனென்சின் என்ற மருந்து சேர்க்கப்படுவதுண்டு. மாட்டுக்கு ஒன்றும் செய்யாத அளவுகூடக் குதிரையின் இதயத்தை நிறுத்திவிடக் கூடும். யூரியா கலந்த வைக்கோலையும் தவிர்க்க வேண்டும்.

* அரளி: அழகுக்காக வளர்க்கும் இந்தச் செடியின் சில கைப்பிடி இலைகளே குதிரையின் உயிரைப் பறிக்கும். காய்ந்த இலையிலும் விஷம் போகாது. ஆமணக்கு விதையும் அப்படித்தான்.

* வெறும் வைக்கோல்: சத்து குறைவு. தண்ணீரும் போதாவிட்டால் குடலில் உருண்டையாக அடைத்துக்கொள்ளும்.

தண்ணீரும் உப்பும்

சாதாரண நாளில் 20 முதல் 40 லிட்டர் தண்ணீர் குடிக்கும் குதிரை, சித்திரை வெயிலில் வேலை செய்தால் அதைவிட அதிகம் கேட்கும். காய்ந்த புல் தின்னும் குதிரைக்குத் தண்ணீர் குறைந்தால் குடல் அடைப்பு நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளலாம். வியர்வையில் உப்பு நிறைய வெளியேறும் விலங்கு இது. வேலையில்லாத நாளிலேயே 25, 30 கிராம் உப்பு தேவை. வேலை நாளில் இன்னும் கூடும். ஒரு கல்லுப்புக் கட்டியை லாயத்தில் வைத்துவிட்டால் தானே நக்கிக்கொள்ளும்.

இயற்கைத் தீவனம் மட்டுமே உண்டு வாழும் குதிரைகளைத் தமிழர் நிலத்திலேயே பார்க்கலாம். கோடியக்கரை சரணாலயத்தில் காட்டு வாழ்க்கைக்குத் திரும்பிவிட்ட மட்டக் குதிரைகள் மேய்கின்றன. இலங்கையின் நெடுந்தீவில், ஐரோப்பியர் ஆட்சிக் காலத்தில் வந்த குதிரைகளின் வாரிசுகள் இன்றும் கூட்டமாகத் திரிகின்றன. அவற்றுக்கு யாரும் கொள்ளு அவிப்பதில்லை. தீவின் புல்தான் சாப்பாடு. ஆனால் கடும் வறட்சியில் தண்ணீர் வற்றும்போது அவையும் செத்து விழுகின்றன. இயற்கை என்றால் அப்படியே விட்டுவிடுவது அல்ல, தேவையானது கிடைக்கிறதா என்று பார்ப்பதும்தான்.

கடற்கரைக் குதிரைக்கு என்ன செய்யலாம்?

மேய்ச்சல் நிலம் இல்லாத நகரத்தில் இதெல்லாம் நடக்குமா? ஓரளவு நடக்கும். அதற்குப் பெரிய செலவும் இல்லை.

சவாரிக்கு நடுவே குதிரை சும்மா நிற்கும் நேரம்தான் வாய்ப்பு. சிறு கண்ணி கொண்ட வலைப்பையில் காய்ந்த புல்லை அடைத்து, கால் சிக்காத உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால், ஒவ்வொரு வாயாக இழுத்து இழுத்து நெடுநேரம் தின்னும். மணலில் புல்லைக் கொட்டக் கூடாது. புல்லோடு உள்ளே போகும் மணல் குடலில் படிந்துகொண்டே வந்து, ஒருநாள் அடைத்துவிடும். தார்ப்பாயோ தொட்டியோ இருந்தால் போதும். இரவில் புல் இல்லாமல் கட்டிப்போடுவதையும் தவிர்க்க வேண்டும். பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை பத்து, பன்னிரண்டு மணி நேரம். அந்தப் பட்டினிதான் பெரியது.

தீவனத்தை மாற்றுவதானால் ஒரே நாளில் மாற்றக் கூடாது. பழையதில் கொஞ்சம் குறைத்து, புதியதில் கொஞ்சம் கூட்டி, 10 முதல் 14 நாள்களில் முழுமையாக மாற்ற வேண்டும். குடலில் இருக்கும் நுண்ணுயிரிகள் புதிய சாப்பாட்டுக்குப் பழக அவ்வளவு நாள் ஆகும். ஊர்விட்டு ஊர் வாங்கிவரும் குதிரை முதல் வாரத்திலேயே படுத்துவிடுவதற்குத் திடீர்த் தீவன மாற்றமும் ஒரு காரணம். சந்தையில் வாங்கும்போதே, அது இதுவரை என்ன தின்றது என்று கேட்டு, முடிந்தால் ஒரு மூட்டை அதே தீவனத்தையும் வாங்கி வருவது புத்திசாலித்தனம்.

அவசர அறிகுறிகள்

வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, முன்னங்காலால் தரையைச் சுரண்டுவது, படுத்துப் படுத்து எழுவது, புரள்வது, காரணமில்லாமல் வியர்ப்பது, சாணம் போடாதது... இவற்றில் எது தெரிந்தாலும் தீவனத்தை உடனே எடுத்துவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். எண்ணெயையோ கஷாயத்தையோ வாயில் பலவந்தமாக ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் கால்நடை அவசர ஊர்தியை அழைக்கலாம். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கோலிக்கில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். 'காலையில் பார்க்கலாம்' என்று விட்ட குதிரைகளில் சில, காலையைப் பார்ப்பதில்லை.

குதிரை வளர்க்காதவர்களும் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. அடுத்த முறை குழந்தையைச் சவாரிக்கு ஏற்றும்போது, கையிலிருக்கும் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காமல், பிளாஸ்டிக் பையைக் கீழே போடாமல் இருக்கலாம். குதிரை பசியோடு நிற்பதாகத் தெரிந்தால், அந்தப் பிஸ்கட்டுக்கு ஆகும் காசைக் குதிரைக்காரரிடம் கொடுத்து, "அண்ணே, ஒரு கட்டுப் புல் வாங்கிப் போடுங்க" என்று சொல்லலாம்.